வெர்செல்லியில் நான் திறந்த மடை

ரோமாபுரியில் முதல் நாள் நான் நின்று பார்த்தது கோயில் இல்லை. குழாய்.

தெருமுனையில் இரும்புக் குழாய் ஒன்று. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அடைக்கத் திருகு இல்லை. யாரும் குடம் வைக்கவில்லை. பெருவிரலால் வாயை அடைத்துப் பார்த்தேன். மேலே இருந்த ஓட்டை வழியாகப் பீச்சியடித்துச் சட்டை நனைந்தது. போகிறவர்கள் சிரித்தார்கள்.

"அடைக்க முடியாதுண்ணே. மலையிலேர்ந்து வருது. எப்பவும் ஓடும்" என்றார் அருளப்பன் சாமி.

"இப்ப யாருக்கு முறை?"

"முறையே கிடையாது."

எனக்கு அது பிடிக்கவில்லை.

என் வேலை தண்ணீர் விடுவது. கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊர் வாய்க்காலில் மடை திறப்பதும் அடைப்பதும் நான்தான். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், யாருக்குப் பிறகு யார் என்பதுதான் முறை. அப்பாவுக்கும் இதே வேலை. நான் மூன்றாவது வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன். பெயர் சவரிமுத்து. அருளப்பன் சாமி எங்கள் பங்குச் சாமியார். கும்பகோணத்துக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். போய் வந்ததை எழுதச் சொன்னவர் அவர். எழுத்துப்பிழை பார்த்ததும் அவர்தான். மற்றதெல்லாம் என்னுடையது.

போன காரணம் இது. எங்கள் தெருவில் நாற்பது வீடு. எல்லாம் ஒரு துறவியர் சபையின் நிலத்தில் நிற்கிறது. சபையின் தலைமை மடம் இத்தாலி தேசத்தில். இங்கே நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு காரியஸ்தர். கறுப்பு சிவப்புக் கொடி ஆட்சிக்கு வந்து, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று சட்டம் போட்டது. காரியஸ்தர் கோர்ட்டில் தடை வாங்கினார். தெருவைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எங்கள் பக்கத்தில் அது வெறும் காகிதம் இல்லை. கூலி கூடக் கேட்டதற்குக் குடிசையோடு ஆட்களை எரித்த பக்கம் அது.

தலைமை மடத்துப் பெரிய சாமியார், மனைகளை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்துவிடும். மூன்று கடிதம் எழுதினோம். பதில் இல்லை.

"நேர்லயே போவோம்ண்ணே" என்றார் சாமி. அவர் அங்கே படித்தவர். பழைய சிநேகிதர்கள் பயணத்துக்கு வழி செய்தார்கள்.

"நான் எதுக்கு சாமி?"

"உங்களத் தண்ணித் திருடன்னு காரியஸ்தர் அவங்களுக்கு எழுதியிருக்காரு. திருடன் மூஞ்சிய அவங்க பாக்க வேண்டாமா?"

வைகாசி மாதம். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. எனக்கு வேலை இல்லாத மாதம். கிளம்பினேன்.

இரண்டாம் நாள் வடக்கே ரயில். ஒரு பக்கம் கடல் கூடவே வந்தது. நீலமாக, சத்தமில்லாமல் கிடந்தது. நாகப்பட்டினத்துக் கடலைப் பார்த்தவனுக்கு அது குளம்.

சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். பெரிய சாமியார் அவருக்கு வாத்தியாராக இருந்தவர். அதனால் என்ன பேசுவார் என்று இவருக்குத் தெரியும்.

"எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த தேசத்துல ஒரு துறவி இருந்தாரு. பெருத்த உடம்பு. பேசவே மாட்டாரு. கூடப் படிச்சவங்க மாடுன்னு கூப்பிடுவாங்க."

"பேசாதவன மாடுன்னுதான் சொல்லுவாங்க."

"அவர் சொன்னது என்னன்னா, நல்லதச் செய், கெட்டத விடுங்கிறது எல்லா மனுஷன் உள்ளயும் இருக்கு. படிச்சுத் தெரிஞ்சுக்கணும்னு இல்ல. அதுக்குப் பேர் இயற்கைச் சட்டம். ராஜா போடுற சட்டம் அதோட ஒத்துப்போனா சட்டம். மோதுனா அது சட்டமே இல்ல, அடாவடி."

"இதை அவரா கண்டுபிடிச்சாரு?"

"பாதி கிரேக்கக்காரங்ககிட்டேர்ந்து. அவங்க கிறிஸ்து பிறக்கறதுக்கு முன்னாடி. நெல் அளக்கிற மரக்கால் ஊருக்கு ஊர் வேற, ஆனா பசி ஊருக்கு ஊர் வேற இல்லன்னு நம்ம பாஷையில சொல்லலாம். மனுஷன் பேசி வச்சுக்கிட்ட நியாயம் ஒண்ணு. எங்கயும் மாறாத நியாயம் இன்னொண்ணு. அதை ஒருத்தரும் எழுதி வைக்கல."

எனக்குப் புரிந்தது. எங்கள் வாய்க்கால் முறையும் யாரும் எழுதி வைத்ததில்லை.

ஒரு பெரிய ஸ்டேஷனில் சாமி ரொட்டி வாங்க இறங்கினார். வண்டி கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் ரொட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அங்கி காலைத் தட்டியது. அப்புறம் அவர் தெரியவில்லை. டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் அவரிடம். காரியஸ்தர் வழக்குக் காகிதங்கள் என் மடியில்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து என்ன செய்வது?

எதிரில் ஒரு கிழவி. கறுப்புத் துணி. மடியில் கூடை. அவள் என் காலையே பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். என் கால்விரல் நகங்கள் சேற்றில் ஊறிக் கறுத்துப்போனவை. இடுக்கில் சேற்றுப்புண் தழும்பு. அவள் குனிந்து தன் காலுறையைக் கீழே இறக்கினாள். முழங்காலுக்குக் கீழே அதே நிறம், அதே தழும்பு.

"ரீசோ" என்றாள். குனிந்து கையால் களை பறிப்பது போல் செய்து காட்டினாள்.

நெல்லைச் சொல்கிறாள் என்று புரிந்தது. நான் நாற்று நடுவது போல் செய்து காட்டினேன். அவள் கை தட்டினாள். பெட்டியில் இருந்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம்.

பிறகு அவள் என்னைவிட்டுப் போகவில்லை. என் மடியில் இருந்த காகிதத்தின் மேலே எழுதியிருந்த ஊர்ப் பெயரை ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். டிக்கெட் பரிசோதகர் வந்தபோது அவரோடு சண்டை போட்டாள். வண்டி மாறும்போது என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மடம் இருக்கிற வெர்செல்லியில் இறக்கி, ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கூடையிலிருந்து வேகவைத்த முட்டை கொடுத்தாள். மூன்று மணி நேரம் கழித்துச் சாமி அடுத்த வண்டியில் வந்தார். ரொட்டி அப்படியே கையில் இருந்தது.

"பயந்துட்டீங்களாண்ணே?"

"இல்ல. இவங்க நம்ம தொழில்காரங்க."

கிழவி சாமியைப் பார்த்து நிறையப் பேசினாள். சாமி முகம் சிவந்தது.

"என்ன சொல்றாங்க?"

"ஒரு மனுஷன ரயில்ல விட்டுட்டு ரொட்டி வாங்கப் போற சாமியார எதுக்கு வச்சிருக்காங்கன்னு கேக்குறாங்க."

வெர்செல்லி நெல் ஊர். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டேஷனைத் தாண்டியதும் வயல். தண்ணீர் நிறைந்து, கண்ணுக்கெட்டிய வரை வயல். தூரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட மலை. மலையை மறைத்துவிட்டால் நன்னிலம் பக்கம் போலத்தான் இருக்கும்.

சோறு மட்டும் வேறு. மடத்தில் அன்று போட்ட சோறு அரை வேக்காடு, நடுவில் கடுக்கென்றது. பீன்ஸ் கொட்டையும் பன்றி இறைச்சியும் போட்டுக் கிளறியிருந்தார்கள். அப்படித்தான் வேகவைக்க வேண்டுமாம். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலையில் வெங்காயம் கேட்டேன். சமையல்கார அம்மாள் நான் கரைத்துக் குடித்ததைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் பெரிய சாமியார் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர். நெடிய அறை, சுவரெல்லாம் புத்தகம். மேசையில் காரியஸ்தர் எழுதிய கடிதம் இருந்தது. அதை மடித்துக்கொண்டே கேட்டார். சாமி ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னார்.

"தண்ணிய எடுத்தவர் இவர்தானா?"

"நான்தாங்க" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். வாய்க்காலின் கடைசியில் எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் குத்தகை நிலம். கூலிச் சங்கத்தில் சேர்ந்து சிவப்புக் கொடி ஏற்றினோம். அந்த வருஷம் எங்கள் மடையை அடைத்துப் பூட்டிவிட்டார் காரியஸ்தர். பக்கத்து வயல்களில் தண்ணீர் நிறைந்து வடிகாலில் வழிந்தது. எங்கள் நாற்று மஞ்சளாய்ப் பழுத்தது. நான்காம் நாள் காலை, ஊர் பார்க்க, பூட்டை உடைத்துத் திறந்தேன். நாற்று பிழைத்தது. என்மேல் வழக்கு.

அருளப்பன் சாமி வாத்தியாருக்கே பாடம் சொன்னார். உயிர் போகிற தேவையில் ஒருவன் எடுத்தால் அது திருட்டில்லை, அந்த நேரத்தில் அது அவனுடையதே என்று அந்தப் பெருத்த துறவி சொல்லியிருக்கிறாராம்.

பெரிய சாமியார் சிரித்தார். "முப்பது வருஷமா அதைத்தான் இந்த அறையில சொல்லிக்கொடுத்தேன். உனக்கும்தான். அவர் இன்னொண்ணும் சொன்னாரே, மறந்துட்டியா? சொத்து தனித்தனியா இருந்தாத்தான் பராமரிப்பு இருக்கும். பொதுவுல கிடக்கறத ஒருத்தனும் கவனிக்கமாட்டான். அதுவும் கிரேக்கக்காரங்ககிட்டேர்ந்து வந்ததுதான்."

சாமி என் பக்கம் திரும்பினார். அதை என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான் சொன்னேன்: "எங்க வாய்க்கால் பொதுதாங்க. இந்த மாசம் எங்க தெருல வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட இறங்கித் தூர் வாரிக்கிட்டிருப்பாங்க. வராத வீட்டுக்குத் தண்ணி கிடையாது. வராத வீடு இதுவரைக்கும் இல்ல. காரியஸ்தர் வீட்டு ஆள் மட்டும் வரமாட்டாரு. ஆனாலும் அவருக்குத் தண்ணி விடுவேன்."

பெரிய சாமியார் என்னைப் பார்த்தார். "மனுஷன் சாகறதும் நாத்து சாகறதும் ஒண்ணா?"

"எங்களுக்கு ஒண்ணுதாங்க."

மூன்று நாள் கழித்துப் பதில் சொல்வதாகச் சொன்னார்.

நான்காம் நாள் நான் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

விடியும்போதே விழித்துவிட்டேன். மடத்துச் சுவருக்கு வெளியே நடந்தேன். சுற்றிலும் வயல்களில் தண்ணீர் பளபளத்தது. ஒரே ஒரு வயல் மட்டும் காய்ந்து கிடந்தது. இரண்டு இலை விட்ட பயிர். மண் மயிர்வெடிப்பு விட்டிருந்தது. இலைநுனி மஞ்சள். மடைப் பலகை இறுக்கி அடைத்திருந்தது. வாய்க்காலிலோ தண்ணீர் விளிம்பு வரை. வயலை ஒட்டி ஒரு சின்ன வீடு, சுண்ணாம்பு உதிர்ந்தது.

பக்கத்தில் எல்லாம் தண்ணீர், ஒருவனுக்கு மட்டும் அடைப்பு. கீழ்வேளூர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்தக் குத்தகைக்காரன் யாரையோ எதிர்த்துப் பேசிவிட்டான்.

நான் யோசிக்கவில்லை. பலகையைப் பிடித்துத் தூக்கினேன். தண்ணீர் சலசலவென்று உள்ளே பாய்ந்தது. வரப்பில் உட்கார்ந்து, அது வயலின் கடைசிமூலை வரை போய்ச் சேர்வதைப் பார்த்தேன். பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு கிழவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். பனியனும் ரப்பர் பூட்ஸும். கத்தினார். பலகையைக் காலால் மிதித்து இறக்கினார். என்னைத் தள்ளினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சமையல்கார அம்மாள் ஓடிப்போய்ச் சாமியை எழுப்பிக் கூட்டி வந்தார்.

அந்தக் கிழவர் பெயர் பியெத்ரோ. "அதே பேர்தான் நம்ம ஊர்ல இராயப்பன்" என்றார் சாமி. நிலம் மடத்துடையது, குத்தகை அவருடையது. யாரும் அவருக்குத் தண்ணீரை அடைக்கவில்லை. அவரே வடித்துவிட்டுக் காயப்போட்டிருந்தார். தண்ணீருக்குள் விதைத்த பயிர் மிதந்துவிடாமல் வேர் கீழே இறங்க வேண்டும் என்று அங்கே ஒரு வாரம் அப்படிச் செய்வார்களாம். அது மூன்றாவது நாள்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது என் தொழில். காயவிட்டால் வேர் இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று என் கண்ணுக்குப் பயிர் தெரியவில்லை. காரியஸ்தர்தான் தெரிந்தார்.

"பைத்தியக்காரன எங்கேர்ந்து புடிச்சிட்டு வந்தீங்கன்னு கேக்குறாரு" என்றார் சாமி.

"தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க. மண்வெட்டி இருக்கான்னு கேளுங்க."

அவர்கள் மண்வெட்டி எங்களுடையது மாதிரி இல்லை. நீளக் காம்பு, நின்றுகொண்டே வெட்டுவது. முதுகுக்கு நல்லது, கைக்குப் பழகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வயலில் நான்கு இடத்தில் சின்னச் சின்னதாய் வடிகால் கீறினேன். பள்ளம் எந்தப் பக்கம் என்று கால் சொல்லிவிடும். இராயப்பன் வரப்பில் நின்று முதலில் திட்டினார். பிறகு சும்மா பார்த்தார். பிறகு அவரும் மண்வெட்டியோடு மறுமூலையில் இறங்கினார்.

மத்தியானம் அவர் வீட்டம்மாள் தட்டில் பொரியல் கொண்டு வந்தார். தின்றேன். கோழி மாதிரி இருந்தது. தவளை என்று பிறகு சொன்னார்கள். வயலில் பிடித்ததாம். நாங்கள் வயல் நண்டு தின்கிறோம், நத்தை தின்கிறோம். தவளையை எப்படி விட்டுவைத்தோம் என்று தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்தது. ஆனால் செய்தி மடத்துக்கு முன்பே போய்விட்டது. ஐந்தாம் நாள் காலையில் பெரிய சாமியார் இராயப்பனையும் சேர்த்து எங்கள் மூவரையும் கூப்பிட்டார். படி ஏறினோம். நாற்பது வீடும் என் கையால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அருளப்பன் சாமி அதை வாயால் சொல்லாதது அவர் குணம்.

பெரிய சாமியார் காரியஸ்தர் கடிதத்தை விரித்து வைத்திருந்தார்.

"மறுபடியும் அடுத்தவன் மடையத் திறந்திருக்கீங்க."

"ஆமாங்க."

"மனசாட்சி தப்பாவும் சொல்லும். தப்பாச் சொன்னாலும் மனுஷன் அதுக்குக் கீழ்ப்படிஞ்சுதான் ஆகணும். அந்தத் துறவி அப்படித்தான் சொன்னாரு. ஆனா தெரிஞ்சுக்க வழி இருந்தும் தெரிஞ்சுக்காம விட்டவனுக்குப் பழி போகாது. நீங்க இவர்கிட்டக் கேட்டிருக்கலாமா?"

"பாஷை தெரியாதுங்க."

"அருளப்பன எழுப்பியிருக்கலாமே?"

எழுப்பியிருக்கலாம். பத்து அடி தூரத்தில்தான் தூங்கினார்.

"எழுப்பியிருக்கலாங்க. எழுப்பல. என் மேலதான் தப்பு."

அருளப்பன் சாமி இதை மொழிபெயர்க்கத் தயங்கினார். "வேற மாதிரி சொல்லட்டுமாண்ணே?" என்றார்.

"சொன்னத அப்படியே சொல்லுங்க சாமி."

சொன்னார். பெரிய சாமியார் கடிதத்தின்மேல் விரலை வைத்துக் கேட்டார்.

"உங்க ஊர்லயும் இப்படித்தானா? கேக்காமத்தான் திறந்தீங்களா?"

"அங்க கேட்டேங்க."

"யார்கிட்ட?"

"காரியஸ்தர்கிட்ட. மூணு நாள். காலையில போய் அவர் வாசல்ல நின்னேன். முதல் நாள், நாளைக்குப் பாக்கலாம்னாரு. ரெண்டாம் நாள், கொடிய இறக்குடா, தண்ணி வரும்னாரு. மூணாம் நாள் கதவத் திறக்கல. நாலாம் நாள் நான் போகல. மடைக்குப் போனேன்."

அவர் கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தார். "அது இதுல இல்லை" என்றார்.

"இருக்காதுங்க."

அப்போது இராயப்பன் பேசினார். அதுவரை தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றவர். அவர் பேசப் பேச அருளப்பன் சாமி எனக்குச் சொன்னார்.

"இந்த ஆள் என் பயிரக் கெடுத்திருப்பான். அதுக்கு நான் திட்டிட்டேன், முடிஞ்சுபோச்சு. ஆனா சாமி, இந்தச் சுவரோரமா இருபது வருஷமா பயிர் வைக்கிறேன். ஒரு வருஷம் வாய்க்கால் உடைஞ்சு நிஜமாவே காஞ்சுது. நீங்க எல்லாரும் இந்த ஜன்னல் வழியாப் பாத்தீங்க. ஒருத்தரும் இறங்கி வரல. எங்கேயோ கிடக்கிறவன் வந்து, காயுதேன்னு விடியக்காலையில எந்திரிச்சு ஓடிவந்திருக்கான். மடையன். ஆனா ஓடிவந்தான்."

ஜன்னல் வழியாக அவர் வயல் நன்றாகவே தெரிந்தது.

பெரிய சாமியார் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். முதுகு எங்கள் பக்கம். பிறகு வந்து உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். நாற்பது மனையும் குடியிருப்பவர்களுக்கே. வழக்கை மடம் வாபஸ் வாங்கும். தண்ணீர் வழக்கையும் சேர்த்து. எழுதி முடித்து, சாட்சிக் கையெழுத்துக்கு என் பக்கம் தள்ளினார்.

"இங்க பெருவிரல் ரேகை..." என்று ஆரம்பித்தார்.

"பேர் எழுதுவேங்க."

எழுதினேன். நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார். தமிழ் எழுத்தை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை போலும். குனிந்து பார்த்தார்.

எட்டாம் நாள் கிளம்பினோம். அன்று காலையில் சைக்கிள் மணி கேட்டது. இராயப்பன் வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். போனேன். வயல் பச்சைப்பசேல். ஒரு பயிரைப் பிடுங்கிக் காட்டினார். வெள்ளை வேர் விரல் நீளம் இறங்கியிருந்தது. நாங்கள் தண்ணீரை வடித்த பிறகு, அந்த நான்கு நாளில் இறங்கியது.

காயப்போட வேண்டிய வாரம் முடிந்திருந்தது. மடைப் பலகை பக்கம் போய் நின்றார். அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் பலகையைக் காட்டி, "திறக்கலாங்களா?" என்றேன். தமிழில்தான் கேட்டேன்.

தலையாட்டினார். திறந்தேன்.

ஊருக்கு வந்தபோது மேட்டூர் திறந்து தண்ணீர் கிளைகளில் இறங்கியிருந்தது. தெருவில் கேட்டார்கள்: "என்னண்ணே பேசினீங்க அங்க?" அதிகம் பேசவில்லை என்றேன். சாமி மூன்று மணி நேரம் சொன்னார்.

குறுவைக்கு முதல் முறைத் தண்ணீர் வந்த அன்று வாய்க்கால் கரையில் காரியஸ்தர் நின்றிருந்தார். மடத்துக் கடிதம் அவருக்கும் வந்திருந்தது.

"என்ன சவரிமுத்து, சீமைக்கெல்லாம் போய்ட்டு வந்தியாமே" என்றார். டா போடவில்லை.

"ஆமாங்க."

"அங்கயும் மடையத் திறந்தியாமே."

"திறந்தேங்க. ரெண்டு தடவ."

அவர் போகவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று முதல் முறை அவர் வயலுக்கு. வெயில் வரப்பைத் தொட்டதும் திறந்தேன். அவருக்கு உண்டான நேரம் முழுக்க ஓடவிட்டேன். அப்புறம்தான் அடைத்தேன்.